திரை வந்ததும் போன குரல்

கணினி பழுது பார்க்கும் அவரை அந்தத் தெருவில் 'ஃபார்மட் அண்ணன்' என்பார்கள். எந்தக் கோளாறானாலும் டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார். பெரிய கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. சொன்ன நேரத்துக்கு வருவார், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டார், அவ்வளவுதான். அழிப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. பழசில் என்ன கெட்டிருந்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கப் போவதில்லை.

ஒருநாள் காலையில் மூன்றாம் மாடி வீடொன்றிலிருந்து கூப்பிட்டார்கள். மகள்தான் கதவைத் திறந்தாள். அப்பா இறந்து ஏழு மாதம். அவருடைய கணினியில் திரை வருவதில்லை. படங்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன.

"படத்தை எடுத்துக்கிட்டு, சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்மா."

"அழிக்கிற பேச்சே வேண்டாம் தம்பி," என்றார் அறைக்குள்ளிருந்து தாய்.

அவர் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பார்க்காமலே கடவுச்சொல்லை அடித்தார். ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் கேட்டது: "வந்துட்டியா? உட்காரு."

"இருக்கட்டும் சார்," என்றார் அண்ணன், சட்டென்று.

மகளுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா விளையாட்டுக்குப் பதிவு பண்ணி வச்சது அண்ணே. உள்ள நுழைஞ்சா பேசும். அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை நுழையறாங்க."

"எண்ணிக்கிட்டே இருக்கியா நீ?" என்றார் தாய்.

"அந்தக் குரலைத் தனியா எடுத்துப் போன்ல போட்டுத் தரவாம்மா?" என்றார் அண்ணன்.

"போன்ல இருக்கறது வெறும் சத்தம். இங்கதான் அவர் கூப்பிடுறார்."

முதல்முறையாக, அழிக்காமல் வேலை செய்யவேண்டியிருந்தது. தன் மடிக்கணினியை வயரால் இணைத்து உள்ளே போய்ப் பார்த்தார். திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை, இறந்துபோன அந்த மனிதர் தன் கையாலேயே போட்டிருந்தார். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரையும் மறுபடி போடவேண்டும். அதைத் தவறாமல் செய்துமிருந்தார். அவர் போன பிறகும் கர்னல் தானாக மாறிக்கொண்டது. டிரைவரைப் போடத்தான் ஆளில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாமல்.

டிரைவரைப் புதிய கர்னலுக்கு ஏற்றபடி போட்டு, கணினியை மறுபடி இயக்கினார். திரை வெளிச்சமானது. தாய் கடவுச்சொல்லை அடித்தார். படங்கள் வரிசையாகத் தெரிந்தன. மகள் "அம்மா, இங்க பாரு!" என்றாள்.

தாய் பார்க்கவில்லை. ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். சத்தமே இல்லை.

"எங்க தம்பி அவரு?"

எதையும் அழிக்கவில்லை என்று அண்ணனுக்குத் தெரியும்; ஆனாலும் அழித்துவிட்டது போலவே இருந்தது. பதறிப்போய் ஒலி அமைப்பைத் திறந்தார். டிரைவர் வந்ததும் சத்தம் மானிட்டர் வழியாகப் போகத் தொடங்கியிருந்தது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. இத்தனை நேரம் அந்த மனிதர் வாயில்லாத ஒன்றுக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். சத்தத்தைப் பழைய ஸ்பீக்கருக்கு மாற்றிவிட்டு, வெளியேறி மறுபடி நுழையச் சொன்னார்.

"வந்துட்டியா? உட்காரு."

தாய் மூச்சை விட்டார். அண்ணன் மூடாமல் விட்டிருந்த ஒலி அமைப்பின் ஜன்னல் திரையில் மறுபடி திறந்துகொண்டது. அதன் அடியில் ஒரு பச்சைக் கோடு நீண்டு சுருங்கியது.

"அவர் பேசி முடிச்சுட்டாரே. இது ஏன் இன்னும் அசையுது?" என்றார் தாய்.

அது மைக்கின் கோடு. அறையில் எழும் சத்தத்தை அளப்பது. தாயின் மூச்சுக்குத்தான் அசைந்தது. சொல்லிவிடலாம் என்று அண்ணன் வாயைத் திறந்தார். தாய் இன்னும் கிட்டே குனிந்தார். கோடு நீண்டது.

"இந்த ஜன்னலை மூடாத தம்பி," என்றார், குரலைத் தாழ்த்தி.

அண்ணன் தன் மடிக்கணினியின் வயரைச் சத்தம் வராமல் பிடுங்கினார்.