கறுப்பு டேப் சுற்றிய டப்பா

செல்போன் வரைபடத்தைப் பார்த்து, யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வருவது எனக்கும் என் கணவருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஒருமுறை நாங்களே ஒரு டப்பாவுக்குக் கறுப்பு டேப் சுற்றி, அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரக் கல்லிடுக்கில் வைத்தோம். மறுநாள் பௌர்ணமி என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

“கூட்டத்துல யாராவது பாத்து, வெடிகுண்டுன்னு பயந்துட்டா?”

“உனக்கு எல்லாமே ஜாஸ்திதான்” என்றார் அவர்.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே கயிறு கட்டிப் போலீசார் ஜனங்களை விலக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பூ விற்ற அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருந்தார்.

முன்னே போனேன். “சார், அது எங்களோடதுங்க. உள்ள நோட்டும் பென்சிலும்தான் இருக்குது.”

“படிச்சவங்கதானே நீங்க?” என்றார் அதிகாரி.

இப்போது இடத்துக்காரரைக் கேட்காமல் எதையும் வைப்பதில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற டப்பா. மேலே எங்கள் பெயர், செல் நம்பர்.