மாற்ற மறந்த சல்லடைத் துணி

புரோமோஃபார்ம் என்று ஒரு திரவம். இனிப்பான வாசனை, அதிகம் முகர்ந்தால் தலைவலி. பஸ்ஸில் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும்போதும் அது என் சேலையில் இருக்கும்…

எண்பதுகளின் கடைசி. கணவர் இறந்த மறு வருடம், கான்வென்ட்டில் முடித்த ஐந்தாம் படிவப் பள்ளியிறுதிச் சான்றிதழோடு, ஒரு பல்கலைக்கழக நிலவியல் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். நிரந்தரமாக்குவதா என்பது மூன்று மாதத்தில் முடிவாகும். வீட்டில் பள்ளிக்குப் போகும் இரண்டு மகள்கள்.

பாறையை இடித்துச் சலித்து அந்தத் திரவத்தில் போட்டால், கனமான மணிகள் அடியில் தங்கும். அவற்றில் சிர்கான் என்ற கனிமத்தை மட்டும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஊசி முனையால் பொறுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

விரிவுரையாளர் டாக்டர் நேசன் ஆஸ்திரேலியாவிலிருந்து மிகப் பழைய பாறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கண்டங்களைச் சுமக்கும் தட்டுகள் முதன்முதலில் எப்போது நகர்ந்தன என்பது அவருடைய கேள்வி. அந்தக் காலத்துப் பாறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. சிர்கான் எளிதில் அழியாது. அதற்குள் யுரேனியம் எவ்வளவு காரீயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும்.

அதை அளக்கும் கருவி வெளிநாட்டில்; வெள்ளிக்கிழமை அவருக்கு ஃப்ளைட். திங்கட்கிழமை, நான் பொறுக்கி முடித்த மங்கிய சிவப்பு மணிகளுக்கு நடுவே, கண்ணாடி போல் கூர்மையாக ஒன்று.

பார்த்ததும் தெரிந்தது. இந்தப் பாறைக்கு முன்பு சலித்த வெள்ளீயச் சுரங்கத்து மணலிலிருந்து வந்தது. ஒவ்வொரு பாறைக்கும் சல்லடைத் துணியை மாற்ற வேண்டும். மறந்தது நான்.

போய்ச் சொன்னேன்.

"அந்த ஒன்ன எடுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது லா, அக்கா."

"பார்த்தா தெரியாதது இன்னொன்னு உள்ள கிடந்தா, டாக்டர்?"

"மூனு வாரத்து வேலை இது."

"பொறுக்கினது நீங்களா, நானா? மறுபடியும் நானே பொறுக்குறேன்."

அவர் அலமாரியிலிருந்து மீதிப் பாறையை எடுத்து மேசையில் வைத்தார். "முடியலன்னா வெறுங்கையோடதான் போவேன்."

முன்பு முந்நூறு மணிகள். இப்போது, வியாழக்கிழமை மாலைக்குள், நாற்பது. என் தவற்றைப் பதிவேட்டில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து போன். "நாப்பதும் ஒரே வயசு, அக்கா."

வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அந்தப் பதிவேடுதான் காரணம். வருந்தவில்லை.

இன்று வயதை மட்டும் கேட்பதில்லையாம்… மேற்பரப்பில் நீர் பட்ட பாறை தட்டு நகர்வதால் பூமிக்குள் அமிழ்ந்து உருகியதா என்றும் அதே மணியிடம் கேட்கிறார்கள். தட்டுகள் எப்போது நகரத் தொடங்கின என்ற வாதம் மட்டும் இன்னும் தீரவில்லை.

எனக்கோ இப்போது அரிசியில் கல் பொறுக்கவே பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் அந்த நாற்பதை யார் எடுத்து, எந்தக் கருவியில் வைத்து, என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

எல்லாம் ஒரே பாறை.