பூந்தமல்லியில நான் கத்துன ஆரியா

எனக்கு அஞ்சு பாஷை தெரியும். புளுகு மாமே, தமிழே தகராறுதான்.

பூந்தமல்லி டீக்கடையாண்ட டீ கிளாஸோட பஸ்ஸுக்கு நிக்கிறேன். எதிர்ல மெட்ரோ வேலை. கிரேன்ல கம்பிக்கட்டு தொங்குது. கீழ ஒருத்தர் "ஆரியா"ன்றாரு, கட்டு கொஞ்சம் எறங்கி நிக்குது.

"இன்னாண்ணே ஆரியா?"

டீக்கடை அண்ணன் சிரிக்கிறாரு. "இந்தில பெரிய மனுஷன், கேரளாவுல பொண்ணு பேரு. இங்க எறக்குன்னு அர்த்தம், கப்பல்ல வந்த வார்த்தையாம். கிரேன்காரனுக்குக் கீழ தெரியாது, சத்தத்த வெச்சுதான் எறக்குவான்."

என் வாய் சும்மா கீதா? "ஆரியா!"ன்னு நானும் கத்துறேன்.

அய்யோ, நெஜமாவே எறங்குது! கட்டுக்குக் கீழ குனிஞ்சிகினு கீற இன்னொரு ஆளு ஒரே தாவா தாவுறான். அவன் நின்ன எடத்துல கம்பிக்கட்டு உக்காருது. டீ என் கையில கொட்டுது, சூடே தெரியல.

அந்த ஆளு ஹெல்மெட்ட கழட்டிகினு என்னையே பாக்குறான். "டேய் டீ கிளாஸு! இங்க வாடா!"

இரு மாமே, சார் கூப்புடுறாரு.