மூன்றே மூன்று குளவி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குளவிக் கொட்டு வாங்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராகலைக்கு மேலே கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அது தடிமன் காய்ச்சல் மாதிரி. சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார்கள். அம்மாவும் பலமுறை வாங்கியவள்தான்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். மரத்திலிருந்த கூடு காற்றில் கலைந்து, குளவிகள் கிளம்பிவிட்டன. பக்கத்து நிரையில் நின்ற பெரியம்மாவுக்கு இருபது கொட்டாவது விழுந்திருக்கும். அம்மாவுக்கு மூன்றே மூன்று. பெரியம்மா குளவிகளின் பரம்பரையையே திட்டிக்கொண்டு நின்றாள். அம்மாதான் உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு குளவிக்கே இந்தப் பாடா? நெஞ்சு வலின்னா அது வாயுடி. இஞ்சி தட்டிப் போட்டுக் குடி, சரியாயிரும்" என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மாவின் உதடு நீலம் பாரித்த பிறகுதான், வேலையை மேற்பார்க்க வந்த கண்டாக்கையா கொழுந்து லொறியை நிறுத்தினார். சாக்குகளுக்கு நடுவே அம்மாவைக் கிடத்தி நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா வீங்கிய முகத்தோடு அழுதுகொண்டே கூடப் போனாள்.

அம்மா பிழைத்து வந்தாள். குளவி விஷம் ஒத்துக்கொள்ளாமல் இதயத்தையே தாக்கிவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு பெரியம்மா வாயு என்ற பேச்சையே எடுக்கவில்லை. அம்மாவுக்கு மலை வேலை நின்றது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே, பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தால் அம்மா இருந்தாள். எனக்கு வேறென்ன வேண்டும்? என் கூட்டாளிக்கும் ஒரு யோசனை சொன்னேன்: "உங்கம்மாவையும் குளவி கொட்டணும்னு சாமிகிட்ட கேளுடி. அப்புறம் கிட்டத்துலயே இருப்பாங்க." அவளும் கண்ணை மூடிக் கேட்டாள், பாவம். நல்லவேளை, சாமிக்குக் காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் நானும் அம்மாவும் கோயிலுக்குப் போவோம். ஏற்றமான படிகள். பத்துப் படிக்கு ஒருமுறை அம்மா நின்று, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னப்பிள்ளைக்குக் கால் வலிக்குமே என்று எனக்காக நிற்கிறாளாக்கும் என்று எனக்கு ரோஷம் வந்துவிடும். "எனக்கு ஒண்ணும் வலிக்கலம்மா, நீ நட" என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் பத்துப் படி ஏறுவாள்.