சேம்பர்ல ஒண்ணு இருக்குது

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நேற்று எங்கே கண்ணாடியை வைத்தேன் என்பதே மறந்துபோகிற வயசு. முன்னே பின்னே சொன்னால் மன்னித்துக்கொள்ளுங்கள். இது ஒன்று மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் செபமாலை மாதமான அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதியமான்கோட்டைப் பக்கம் என் மகள் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு மகள், மருமகனோடுதான் இருக்கிறேன். மருமகன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மொரப்பூர் போகிற வழியில் ஒரு சேம்பரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். சேம்பர் என்றால் எங்கள் பக்கத்தில் செங்கல் சுடுகிற பெரிய சூளை. சின்ன வயசில் நானும் சேம்பரில் கல் சுமந்தவள்தான்.

சனிக்கிழமைகளில் டவுன் பேங்கிலிருந்து ஆட்களின் கூலிப் பணத்தை வண்டியில் கொண்டுவருவது அவர் பொறுப்பு. அப்படி வரும்போது ஒரு நாள் இரண்டு பேர் மறித்து வெட்டிவிட்டார்கள். பையைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் இடது கை போயிற்று. கை இருக்கிறது, விரல்கள் மடங்காது. தண்ணீர்ச் சொம்பைக்கூட அந்தக் கையால் பிடிக்க முடியாது. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் வாங்கி ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கினார். இடுப்பில் சட்டைக்குள்ளே வைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். நான் அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டேன், "அது" என்றுதான் சொல்வேன்.

அன்றைக்குப் பூசை முடிந்து அவருடைய பழைய பட்டாளத்துச் சிநேகிதர் சாப்பிட வந்திருந்தார். நாட்டுக்கோழிக் குழம்பு. மருமகன் எதிரே நின்று பேசுகிற வழக்கம் எனக்கு இல்லை, அடுப்படிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே வாதம் பண்ணினார்கள்.

"சேம்பர்ல எப்பவும் ஒரு ரவுண்டு இருக்கணும்டா," என்றார் மருமகன்.

"தேவையே இல்ல. வேணுங்கறப்ப பாத்துக்கலாம்," என்றார் சிநேகிதர்.

"வேணுங்கறப்பன்னா? வெட்ட வர்றவன்கிட்ட, இரு சாமி, ரெடியாயிட்டுக் கூப்புடறேன்னு சொல்லச் சொல்றியா?"

"அதுக்குன்னு வூட்டுக்குள்ளாறயும் அப்படியே வருவியா? வண்டிய கியர்ல போட்டு வாசல்ல நிறுத்தற மாதிரி இருக்குது. உனக்குப் பயந்துதான் தங்கச்சி உன் தட்டுல ஈரலா வெக்குது போல!"

மகள் சிரித்தாள். மருமகன் சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு கை இருக்கறவன் என்ன வேணா பேசுவான்." சிநேகிதர் எலும்பைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

எனக்கு விளங்கியது இதுதான். சூளையை எப்பவும் ஒரு ஆள் ரவுண்டு சுற்றி வரவேண்டும் என்று மருமகன் சொல்கிறார், தேவைப்படும்போது சுற்றினால் போதும் என்று சிநேகிதர் சொல்கிறார். லீவு நாளிலும் வேலையை நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று மனசுக்குள் பெருமைப்பட்டேன். கியர் எதற்கு வந்தது, கை எதற்கு வந்தது என்று புரியவில்லைதான். ஆம்பளைங்க பேச்சு, பாதி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் ராத்திரிக்குத் தயிர் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள். சிநேகிதர் போன் பேசிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். மருமகனுக்குக் கைவலி, மாத்திரை போட்டிருந்தார், படுக்க வேண்டும் என்றார். சிநேகிதர் வந்த பேச்சில் "அதை" இன்னும் பூட்டாமலே இருந்தார், இப்போது பீரோ சாவி மகளின் இடுப்பிலேயே போய்விட்டது. அவர் "அதை" வெளியே எடுத்து, அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டி மாதிரி உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்சத்தைத் துண்டில் சுற்றிப் பீரோவின் மேலே வைத்தார்.

எனக்குப் பயம். கதவோரம் நின்றே கேட்டேன், "அதுல குண்டு இருக்குதுங்களா மாப்ளே?"

"மேகசின கழட்டிட்டேன் அத்தே. சேம்பர்ல ஒண்ணு இருக்குது. கிட்ட போவாதீங்க," என்று சொல்லிவிட்டுப் படுத்தார். உடனே தூங்கியும் போனார்.

சேம்பரில் ஒன்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் எதற்கு இந்த வயசில் சேம்பர் கிட்டே போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். குண்டெல்லாம் அவர் சட்டைப் பையில். மீதி ஒன்று சூளையில். வீட்டில் இருப்பது வெறும் இரும்பு. நிம்மதியாகப் போயிற்று.

ஆனால் பீரோவின் மேலேதான் எங்கள் மாதா சுரூபம் இருக்கிறது. சாயங்காலம் அதற்கு முன்னால் முட்டி போட்டு செபமாலை சொல்ல வேண்டும். மாதாவின் காலடியில் அது கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டூலில் ஏறித் துண்டோடு எடுத்தேன். அடுப்படியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். கனமாக இருந்தது. துண்டு வழுக்கியது, அது கையில் வந்துவிட்டது. இவ்வளவு நாள் பயந்தோமே, எப்படித்தான் இருக்கிறது என்று ஒரு ஆசை. புடவைத் தலைப்பால் துடைத்தேன். முன்னால் இருந்த ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துக்கூடப் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது.

அப்போது மகள் தயிரோடு உள்ளே வந்தாள்.

நான் அதிகம் பேசாதவள். கேலி பண்ணத் தெரியாது. அன்றைக்கு என்ன புத்தியோ, எங்கிருந்தோ ஒரு குஷி வந்துவிட்டது. அதை அவள் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, "பீரோ சாவியக் குடுடி, இல்லன்னா சுட்டுப்புடுவேன்!" என்றேன். விரலும் அதற்குரிய இடத்தில் தானாகவே போய் உட்கார்ந்துவிட்டது.

மகளுக்கும் குஷி. தயிர் பாக்கெட்டோடு இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். "சுடும்மா, சுடு! நாளையிலிருந்து உன் மருமகனுக்கு நீயே ஆக்கிப் போடு!"

இன்னும் கொஞ்சம் விளையாட்டுக் காட்டத்தான் நினைத்தேன். அதற்குள் அவளுக்குப் பின்னால் சிநேகிதர் முகம் தெரிந்தது. ரத்தமே இல்லாத முகம். ஆனால் குரல் தாலாட்டுகிற மாதிரி வந்தது. "அம்மா, அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. வெரல மட்டும் வெளிய எடுங்க. ஆங், அவ்வளவுதான்." மகளை ஒரு கையால் ஓரமாகத் தள்ளினார். மெதுவாக வந்து என் கையிலிருந்து வாங்கி, கீழே பார்த்துப் பிடித்துக்கொண்டு, மேல் பக்கத்தைப் பின்னால் இழுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு குண்டு துள்ளி விழுந்தது. பித்தளை நிறம். ஒரு விரல் நுனி அளவுதான் இருக்கும். சிமென்ட் தரையில் டிங் டிங் என்று சத்தம் போட்டு உருண்டு அரிசி டிரம்மில் முட்டி நின்றது.

மகள் கை இன்னும் தூக்கியபடியே இருந்தது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

சத்தத்தில் மருமகன் எழுந்து வந்தார். குண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொன்னேனே அத்தே. சேம்பர்ல ஒண்ணு இருக்குதுன்னு சொன்னேனே..."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். "சேம்பர்லன்னுதான சொன்னீங்க மாப்ளே. இது வூடுங்களே!"

அப்புறம் சிநேகிதர்தான் எனக்கு விளக்கினார். துப்பாக்கிக்குள்ளேயே ஒரு சின்ன அறை இருக்கிறதாம், சுடுவதற்குத் தயாராக ஒரு குண்டு அதில் உட்கார்ந்திருக்குமாம், அதற்கும் பெயர் சேம்பராம். குண்டுக்குப் பெயர் ரவுண்டாம். அடியில் இருக்கிற பெட்டியைக் கழற்றினாலும் அந்த ஒன்று உள்ளேயே இருக்குமாம். மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கம்மா சேம்பருக்குக் கல்லு சொமந்தவங்க. அவங்ககிட்டப் போயி சேம்பர்னா என்ன நெனப்பாங்க?" என்று மகள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

அன்றைக்குச் செபமாலை சொல்ல முடியவில்லை. மகள் ஒரே பிடியாக நின்றாள். உள்ளே குண்டு இருக்கிற அந்தச் சனியன் இந்த வாசப்படி தாண்டக் கூடாது, இல்லையென்றால் நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள். மருமகன் கோபப்படவில்லை. குண்டு உள்ளே இல்லாத துப்பாக்கியை வலது கையில் எடுத்து, இடது கையால் அதன் மேல்பக்கத்தை இழுத்துக் காட்டினார். விரல்கள் வழுக்கின. மறுபடி இழுத்தார், மறுபடி வழுக்கின. கடைசியில் பெல்ட்டில் மாட்டி அழுத்தித்தான் இழுக்க முடிந்தது. "இதுக்குள்ள அவன் என்னைய ரெண்டு வெட்டு வெட்டிருப்பான்," என்றார். சிநேகிதர், "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்," என்று எழுந்து போய்விட்டார். எல்லாம் தெரிந்த அவரே அப்படிச் சொன்னால் நான் என்னத்தைக் கண்டேன்?

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வேலை முடிந்து வந்ததும் மருமகன் வீட்டுக்குள் நுழையமாட்டார். பின்பக்கம் மண்மேட்டைப் பார்த்து நின்று, பெல்ட்டில் மாட்டி இழுத்து, அந்த ஒன்றையும் எடுத்துவிடுவார். பிறகு எனக்குக் கேட்கிற மாதிரி, "வவுறு காலி அத்தே!" என்று குரல் கொடுப்பார். சேம்பர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சூளைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம், துப்பாக்கியில் இருப்பதற்கு வயிறு என்றுதான் பேர். நான் உள்ளேயிருந்து "சரிங்க மாப்ளே," என்று சொன்னால்தான் படியேறுவார். காலையில் கிளம்பும்போது அதே மண்மேட்டுப் பக்கம் நின்று அதன் வயிற்றை நிரப்பிக்கொண்டு போவார்.

இன்னும் எனக்குத் தெளிவில்லை. சனிக்கிழமை அவர் வண்டியைக் கிளப்பும்போது, அந்த ஒன்று உள்ளே இருக்கட்டும், என் மகள் தாலி நிலைக்கட்டும் என்று மாதாவிடம் கேட்கிறேன். பொழுது சாய்ந்ததும், அது உள்ளே இருக்க வேண்டாம் என்று அதே மாதாவிடம் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், தயிர் பாக்கெட்டோடு இரண்டு கையையும் தூக்கிச் சிரித்துக்கொண்டு நின்ற என் மகள்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறாள்.

துப்பாக்கியைப் பற்றி நான் எழுதியதெல்லாம் காதில் விழுந்தபடி எழுதியது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை பார்த்துத் தப்பைத் திருத்திப் போடுங்கள். எனக்குப் புரிந்துவிட்டது என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள். அன்றைக்கும் எனக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது.