இரண்டு காலும் ஒரே அளவு

தையற்கடைக்காரர் காலையில் கடையைத் திறந்ததும் முதலில் தேடுவது அளவு டேப்பைத்தான். கழுத்தில் தொங்கவேண்டியது அங்கே இருக்காது. மேசையிலும் இருக்காது, மெஷின் இடுக்கிலும் இருக்காது. கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏய், அந்த டேப்பைக் குடு!" என்று ஒரு சத்தம் போடுவார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான் என்பதால் சத்தம் தாராளமாய்ப் போய்ச் சேரும். டேப்தான் வந்து சேராது. அது அந்த நேரத்தில் யாருடைய கெண்டைக்காலையாவது சுற்றிக்கொண்டிருக்கும்.

அவர் மனைவி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பெண்களெல்லாம் அவளை அக்கா என்று கூப்பிடும் வயதில் சேர்ந்தவள். எழுத்துத் தேர்வில் அவளை யாரும் அசைக்க முடியாது. செய்முறைத் தேர்வில்தான் வந்தது வினை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தித் தேர்வாளர் கேள்வி கேட்டால் போதும், வீட்டில் ஓயாத வாய் அங்கே பூட்டிக்கொள்ளும். அப்படியே இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவையும் விட்டால் படிப்பை மூட்டை கட்டவேண்டியதுதான் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு தடவையும் அவளைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. காலில் ஓடும் ரத்தம் உள்ளேயே உறைந்து கட்டியாகி நிற்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய், கண்டுபிடித்த பிறகு என்ன செய்வாய்? பதில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அது வாயில் வரவேண்டுமே! வாயைப் பழக்க வேண்டுமென்றால் கால்கள் வேண்டும். கால்களுக்கு வீட்டிலும் தெருவிலும் என்ன பஞ்சம்?

பால் போட வந்தவர், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், சட்டை தைக்க வந்த வாடிக்கையாளர் என ஒருவரையும் விடவில்லை. மீட்டர்காரர் பேண்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற காட்சியைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். முட்டிக்குக் கீழே எலும்பு மேடு தட்டுப்படும் இடத்திலிருந்து நாலைந்து விரற்கடை கீழே இறங்கி, இரண்டு கால்களையும் ஒரே இடத்தில் அளப்பாள். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா? சூடா இருக்கா? செவந்திருக்கா?" என்று கேள்வி அடுக்குவாள். பக்கத்து வீட்டு லாரி டிரைவருக்கு ரத்தக்கட்டி என்று பயமுறுத்தி ஸ்கேனுக்கே அனுப்பிவைத்தாள். அது கொசு கடித்த வீக்கம். அன்று முதல் தெருவில் அவளுக்கு 'டேப்பு நர்ஸ்' என்று பெயர்.

அதிகமாய் மாட்டிக்கொண்டது மாமியார். அந்த அம்மாளுக்கு யார் காலையாவது பிடித்துவிடாவிட்டால் கை அரிக்கும். எண்ணெய்யும் கையுமாய் மகனின் காலை நெருங்கினால் மருமகள் குறுக்கே பாய்வாள்.

"அத்தை, ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா பிடிக்கவே கூடாது! உள்ள இருக்கிற கட்டி உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிடும். மூச்சு நின்னுடும்!"

"அவனுக்கு வீக்கமே இல்லையேம்மா!"

"அளந்தீங்களா?"

மாமியார் எண்ணெய்ப் புட்டியை மூடி வைத்துவிட்டு, மருமகள் போன பிறகு மறுபடி திறப்பாள்.

தேர்வு நெருங்க நெருங்க டேப்பு நர்சுக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. நாற்காலியில் ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. தேர்வன்று தொந்தரவு வேண்டாமென்று, மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி ஒழுங்காய் விழுங்கிவந்தாள். ஹார்மோன் மாத்திரை, தண்ணீர் குடிக்காமை, நெடுநேரம் அசையாமல் உட்காருவது. மூன்றும் அவளுடைய புத்தகத்தில் அவளே சிவப்பு மையில் கோடு போட்ட வரிகள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒரு சாயங்காலம் அவளே மாமியாரிடம் வந்து காலை நீட்டினாள்.

"அத்தை, இடது கெண்டைக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொஞ்சம் பிடிச்சு விடுங்களேன்."

எத்தனை நாள் காத்திருந்தாளோ மாமியார்! கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒரு கால் மட்டும் வலிச்சா பிடிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

"அது நோயாளிங்களுக்கு அத்தை. எனக்கு உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அளந்துட்டு வா."

மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அளக்கவில்லை. மாமியாருக்கு அன்று பெரிய திருப்தி. அந்த வீம்பு என்ன காரியம் செய்தது என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

மறுநாள் கணவர் தேர்வுக்கென்று தைத்த வெள்ளை யூனிஃபார்மைக் கொண்டுவந்து கொடுத்தார். மேல்சட்டை கச்சிதம். பேண்டில்தான் இடது கால் ஏறவில்லை. இழுத்துப் பிடித்து ஏற்றினால் கெண்டைக்காலில் தோல்போல் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க இது? வலது கால் சரியா இருக்கு, இடது கால் டைட்டா இருக்கு. பொண்டாட்டி துணின்னா எப்படி வேணா வெட்டுவீங்களோ?"

தையற்காரருக்குச் சுருக்கென்றது. கூலி குறைவு என்று சொல்லட்டும், நாளாகிவிட்டது என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வார். வெட்டு சரியில்லை என்றால் பொறுக்க மாட்டார்.

"ரெண்டு காலையும் ஒண்ணுமேல ஒண்ணு மடிச்சுப் போட்டு ஒரே கத்திரியில வெட்டினேன். எப்படி மாறும்?"

"மாறியிருக்கே! இதோ மாட்டிக்கிட்டு நிக்கிறேனே!"

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அம்மா, நீ சும்மா இரு. அவுத்துக் குடு அதை!" அவர் பேண்டை மேசையில் விரித்தார். நல்லவேளையாக டேப் அவள் தோளிலேயே கிடந்தது. வலது கால் அளந்தார். இடது கால் அளந்தார். நூலளவு வித்தியாசமில்லை. "பாத்துக்கோ! இப்ப உன் காலைக் காட்டு. எதுல கோளாறுன்னு பாத்துடுவோம்."

அவள் பேண்டைக் கழற்றிவிட்டு மாட்டியிருந்த நைட்டியை முட்டிவரை தூக்கி வீறாப்பாய் நின்றாள். அவர் மண்டிபோட்டு, அவள் தெருவில் எல்லோருக்கும் அளக்கும் அதே இடத்தில், பார்த்துப் பார்த்துப் பழகியிருந்ததால், டேப்பைச் சுற்றினார். வலது. பிறகு இடது. பிறகு மறுபடி வலது.

"பாத்தியா, உன் கால்தான் கோணல். இடது ஒண்ணரை இஞ்சு கூட இருக்கு!" என்று வெற்றிக் களிப்போடு நிமிர்ந்தார்.

அவள் உதடு மட்டும் அசைந்தது. ஒன்றரை இஞ்சை சென்டிமீட்டராக்கிக் கொண்டிருந்தாள். மூன்றைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பது பாடம். இது நாலை நெருங்கிவிட்டது. குனிந்து கையை வைத்தாள். இடது கால் கொதித்தது.

"என்னங்க, ஆட்டோ கூப்பிடுங்க." அவ்வளவு மெதுவாய் அவள் பேசி அந்த வீடு கேட்டதே இல்லை.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது. கெண்டைக்காலில் தொடங்கி முட்டிக்கு மேலே வரை போயிருந்தது. வயிற்றுத் தோலில் ஊசி போட்டு, பொதுப்பிரிவில் ஒரு கட்டிலும் கொடுத்தார்கள். அவளுக்குப் பயம். தெரியாதவர்கள் பயப்படுவது ஒரு மாதிரி, எல்லாம் தெரிந்தவள் பயப்படுவது வேறு மாதிரி. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து, வலிக்கிறதா, அடைக்கிறதா என்று சோதித்த பிறகே வெளியே விட்டாள். மாமியார் காலைப் பிடித்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் போர்வைக்குள் அழுதாள். தேர்வு போய்விடுமே என்றும் சேர்த்து அழுதாள்.

ஆனால் செய்முறைத் தேர்வு நடப்பதே அந்த மருத்துவமனையில், அந்தப் பிரிவில்தான். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் எழுந்து நடக்கலாம் என்றார் டாக்டர். தேர்வு எழுதலாமா என்று அவள் கேட்டதற்கு, "நின்னுக்கிட்டேதானே பதில் சொல்லப் போறீங்க, சொல்லுங்க" என்று சிரித்தார். கணவர் யூனிஃபார்மைக் கொண்டுவந்தார். இடது காலின் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை எல்லாம் வெளியே எடுத்து அகலப்படுத்தியிருந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

தேர்வாளர் அம்மாளுக்கு மாணவிகள் வைத்த பெயர் குக்கர். வாயைத் திறக்குமுன் 'உஸ்' என்று ஒரு மூச்சு வரும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு மாணவிக்கு ஒரு கட்டில் என்று பிரித்துவிட்டதில், கடைசியில் டேப்பு நர்ஸ் மட்டும் மிஞ்சி நின்றாள்.

"உஸ்... உன் நோயாளி எங்க?"

"மிஞ்சின கட்டில்ல நான்தான் இருக்கேன், மேடம்."

குக்கர் அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த நோயாளிப் பட்டையைப் பார்த்தார், யூனிஃபார்மைப் பார்த்தார், காலிக் கட்டிலைப் பார்த்தார். "அப்ப உன் கேஸ் நீதான். போய் உட்காரு. சொல்லு. இந்த நோயாளிக்கு என்ன?"

போயிற்று. வாய் பூட்டிக்கொண்டது. கண் மட்டும் உருண்டது. குக்கர் பேனாவைத் திறந்தார். மார்க் போடும் இடத்துக்கு மேலே பேனா வட்டமிட்டது.

கட்டிலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமியார் இதைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்தாள்.

"பாவம் பிள்ள, கால் வலிக்குது போல. நான் கொஞ்சம் அமுக்கி விடுறேன்."

"அத்தை! தொடாதீங்க!"

அந்தக் கத்தலில் பிரிவே திரும்பியது. பூட்டு தெறித்துவிட்டது. "கட்டி இருக்கிற காலைத் தேய்க்கக் கூடாது, சூட்டோட எண்ணெய் போடக் கூடாது! திடீர்னு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ ரத்தமா இருமினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடணும், தலைப்பக்கம் உயர்த்தி ஆக்சிஜன் வைக்கணும்! ஊசி போட்ட இடத்தையும் தேய்க்கக் கூடாது. ரத்தம் உறையாம இருக்க மருந்து போகுது, அதனால ஈறுல கசியுதா, மலம் கறுப்பாப் போகுதா, உடம்புல காரணமில்லாம கன்றிப்போகுதான்னு பாக்கணும். மிருதுவான பிரஷ்ஷுலதான் பல் தேய்க்கணும்..." மூச்சு விட நின்றபோதுதான் எதிரே தேர்வாளர் நிற்பது அவளுக்கு நினைவு வந்தது.

மாமியார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஏதோ பறவையைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி," என்றார் குக்கர். "இந்த நோயாளி வீட்டுல ஒரு நர்ஸ் இருந்தும் முத்துற வரைக்கும் ஏன் தெரியல? அந்த நர்ஸ் செஞ்ச தப்பு என்ன?"

அவள் தலை குனிந்தது. ஆனால் வாய் பூட்டிக்கொள்ளவில்லை.

"தெருவுல எல்லார் காலையும் அளந்தா, மேடம். தனக்கும் ரெண்டு கால் இருக்குன்னு மறந்துட்டா. வலிச்சப்பகூட, அது நோயாளிங்களுக்கு வர்றதுன்னு சொன்னா."

குக்கர் மார்க்கைப் போட்டார். போட்டதைத் திருப்பியும் காட்டினார், அது விதிக்கு விரோதம். டேப்பு நர்சின் கண்ணில் தண்ணீர் முட்டியது. வாசலில் நின்ற தையற்காரர், அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தானும் மூக்கை உறிஞ்சினார்.

குக்கர் போகவில்லை. அங்குமிங்கும் பார்த்துவிட்டு மெல்ல இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உஸ்... ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்தே வந்தேன். அந்த டேப்பைக் கொஞ்சம் குடு."

டேப்பு நர்ஸ் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, தானே குனிந்து அளந்தாள். வலது ஒருமுறை, இடது ஒருமுறை, சந்தேகத்துக்கு மறுபடி ஒருமுறை. சூடு பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டும் ஒரே அளவு, மேடம். சூடில்ல, வீக்கமில்ல. வெறும் அலுப்பு மாதிரிதான் இருக்கு."

மாமியார் தன் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அளந்தாச்சு இல்ல? தள்ளும்மா."