மடித்துப் படிக்கிறவர்

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாகிவிட்டது. இனி சித்தியிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. பிஸ்கட் உறையின் மாதிரித் தாளை ஓரம் பிசகாமல் வெட்டி, மேசையில் குப்புறப் போட்டு, நடுவில் ஒரு அட்டைக் கட்டை வைத்து, கைக்குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல் சுற்றுகிறார். பின்பக்கத்தில் இரண்டு ஓரமும் சேரும் இடத்தில் பசை தடவிக் கட்டைவிரலால் நீவுகிறார். முனைகளை மடித்து அழுத்துகிறார். இப்போது அவர் கையில் இருப்பது கடையில் அடுக்கியிருக்குமே, அந்தப் பாக்கெட். அதற்கப்புறம்தான் மூக்குக் கண்ணாடியை மாட்டுகிறார்.

உணவுப் பொருள் உறைகளை அச்சடிக்கும் அந்த அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. மற்ற இடங்களில் இந்த வேலை செய்கிறவர்கள் தாளை விரித்துவைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "கடையில யாராவது விரிச்சு வெச்சா விக்கிறாங்க? வாங்குறவங்க கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் நானும் பாக்கணும்" என்பார் சித்தி. ஒவ்வொரு உறைக்கும் இந்தச் சடங்கு உண்டு. அவசரம் என்று சொன்னால் இன்னும் மெதுவாக ஒட்டுவார்.

எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் டிசைனருக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாகத்தான் இருந்தது. கணினியில் மாங்கு மாங்கென்று வரைந்ததை இந்த அம்மாள் கத்தரித்துப் பசையில் முக்குகிறாரே என்று உள்ளுக்குள் பொருமுவான். போகப் போக, அவர் படிக்கும்போது தன் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க ஆரம்பித்தான். ஏனென்றால் சித்தி மௌனமாகப் படிப்பதில்லை.

"கோதுமை பிஸ்கட்டுன்னு பேரு. உள்ள போய்ப் பாத்தா சர்க்கரை மூத்த மாப்பிள்ளை மாதிரி முன்னாடி உக்காந்திருக்கு. எது அதிகமோ அதத்தானே முதல்ல எழுதணும்? கோதுமை பாவம், பின்வரிசையில நிக்குது." அடுத்த வரிக்கு விரல் நகரும். "குளுக்கோஸ் பாகு, இன்வர்ட் சிரப்... எல்லாம் அதே சர்க்கரை வீட்டு ஆளுங்கதான், வேற வேற சட்டை போட்டுட்டு வந்திருக்காங்க. ஏன் டிசைனரே, வே பவுடரும் கேசினேட்டும் பால்லேர்ந்து வர்றதுதான்னு உமக்குத் தெரியுமா?" தெரியாது. அத்தனை ஆண்டுகளாக அந்தச் சொற்களை எல்லாம் இடம் பார்த்து வைத்தவன் அவன்தான். ஒன்றைக்கூட அவன் அர்த்தத்தோடு படித்ததில்லை.

சித்தி என்பது அவர் பெயரில்லை. ஒரு விடுமுறை நாளில், ஒரே வீட்டில் இருக்கும் அக்கா மகளை அச்சகத்துக்கு அழைத்து வந்திருந்தார். அந்தக் குட்டி நாள் முழுக்க "சித்தி, சித்தி" என்று கூப்பிட்டதில், சாயங்காலத்துக்குள் அச்சகம் மொத்தத்துக்கும் அவர் சித்தியாகிவிட்டார். அவரைவிட மூத்தவரான இயந்திரக்காரருக்கும் சித்திதான்.

அந்தக் குட்டிக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தும்மல் என்ற அளவில் இல்லை. உதடு வீங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நின்றுவிடும். இது வீட்டில் யாருக்கும் தெரியாத காலத்தில், பிள்ளை நடை பழகிய வயதில், யாரோ ஆசையாக ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் சித்தி. கையில் காலி உறை.

"இதுல என்ன இருக்குன்னு டாக்டர் கேட்டாங்க. எத்தனையோ உறைக்குப் பிழை திருத்தினவதானே நான்? கால் விட்டுப்போச்சா, புள்ளி விட்டுப்போச்சான்னுதான் அதுவரைக்கும் பாத்திருக்கேன். அன்னைக்குத்தான் முதல்தடவையா படிச்சேன்." இதைச் சொல்லும்போது மட்டும் சித்தியின் குரலில் கிண்டல் இருக்காது. டிசைனருக்கு அதற்கப்புறம் அந்தப் பசை டப்பாவைப் பார்த்து எரிச்சல் வந்ததில்லை.

சென்ற மழைக்காலத்தில் அந்தக் கோதுமை பிஸ்கட் வேலை வந்தது. சித்தி மடித்துப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பார்ட்டி, அதாவது பிஸ்கட் கம்பெனிக்காரர்கள், கோதுமைக் கதிர் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். டிசைனர் பெரிதாக்கினான். இடம் போதாமல், சேர்பொருள் பத்தியைக் கொஞ்சம் கீழே இறக்கினான். பார்ட்டியும் சரி சொல்லிவிட்டார்கள். அச்சு உருளைகள் செதுக்கி வந்து, இயந்திரத்தில் ஏற்றியாகிவிட்டது. சோதனைக்காக ஓட்டி அச்சடித்த பிளாஸ்டிக் உறைத் துண்டைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"படம் மட்டுந்தானேம்மா பெருசாச்சு? மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

"படம் பெருசானா எதையாவது தள்ளிட்டுத்தானே உக்காந்திருக்கும்? பஸ்ல ஒருத்தர் காலை நீட்டினா பக்கத்துல இருக்கிறவர் எங்க போனாருன்னு பாக்க வேண்டாமாங்க?"

வெட்டினார், சுற்றினார், ஒட்டினார். படிக்க ஆரம்பித்தார். கடைசி வரிக்கு வரவேண்டிய நேரத்தில் குரல் நின்றுவிட்டது. பாக்கெட்டைத் திருப்பினார். சாய்த்துப் பார்த்தார். பிறகு பின்பக்க ஒட்டை நகத்தால் மெல்லப் பிரித்தார்.

'வேர்க்கடலை விழுது. ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும்.'

அந்த வரி முழுசாக ஒட்டுக்குள் போயிருந்தது. திரையில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. தாளை விரித்தாலும் எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கும். பாக்கெட்டாகும்போதுதான் அது மறையும். கோதுமை பிஸ்கட்டில் வேர்க்கடலை இருக்கும் என்று யார் நினைக்கப்போகிறார்கள்?  பத்தியை இறக்கியது டிசைனரின் கைதான்.

முதலாளி பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு, "எழுத்து இல்லாம போகலையே. ஒட்டுக்குள்ள இருக்கே" என்றார். சொல்லும்போதே அவர் குரல் பாதியில் இறங்கிவிட்டது.

"என் புள்ள எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிட்டாங்க. எந்தப் பாக்கெட்ட எடுத்தாலும் திருப்பிப் பாப்பா. கடலைன்னு போட்டிருக்கான்னு தேடுவா. இல்லைன்னா, இல்லைன்னு நம்பிடுவா." சித்தி குரலை உயர்த்தவே இல்லை. "நம்பித் தின்னுடுவாங்க."

முதலாளி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, பார்ட்டிக்குப் போன் போட்டார். போகிற போக்கில், "யாரு இத இறக்கினது?" என்று கேட்டார். டிசைனர் எழுந்திருக்கப் போனான்.

"கோதுமைக் கதிருதாங்க. அதுக்கு இருந்த அவசரம் அப்படி" என்றார் சித்தி.

அந்த அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிசைனருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கெங்கோ எத்தனையோ வீட்டில், இந்த அம்மாள் யாரென்றே தெரியாமல், பிள்ளைகள் இன்றைக்கும் நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கும் என்று தோன்றியது. நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. எதிர் மேசையில் இத்தனை பெரிய காரியம் நடந்துகொண்டிருப்பது தெரியாமல் இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

புது உருளைகள் வந்து, உறை அச்சாகி, பிஸ்கட் கடைக்குப் போனது. பார்ட்டி சந்தோஷமாக ஒரு பெட்டி அனுப்பி வைத்தார்கள். சித்திதான் பிரித்து, ஒவ்வொரு மேசையாகப் போய்க் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். "தின்னுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. காதாலயாவது கேட்டுக்கறேன்" என்று எல்லோரையும் வம்புக்கிழுத்தார். அவர் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் டிசைனர் கை கழுவப் போனான். குழாயடியில் சித்தி நின்றிருந்தார். கைப்பை தோளில் தயாராக இருந்தது. வீட்டு வாசலுக்கு அந்தக் குட்டி ஓடிவந்து இந்தக் கையைத்தான் முதலில் பிடித்துக்கொள்வாள். சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்து, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்று விடாமல் கழுவினார். ஈரக் கையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார்.

மறுபடியும் சோப்பை எடுத்தார்.